அழுகை சீட்டில் சிரிப்பு மேடம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பஸ்ஸில் தப்பான சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை.

முப்பது வருஷமாக பஸ்ஸில் போகிறவள் நான். இடம் பிடிக்கக் கைக்குட்டை போட்டிருக்கிறேன், குடை போட்டிருக்கிறேன், ஒரு தடவை அவசரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண் தெரியாமல் படியில் தடுக்கி விழுந்திருக்கிறேன். ஆனால் ஒரு சீட்டில் உட்கார்ந்ததற்காக நெஞ்சு படபடத்தது இதுதான் முதல் தடவை.

காஞ்சிபுரத்திலிருந்து நான் வந்த பஸ் சுங்குவார்சத்திரத்தில் டயர் வெடித்து நின்றுவிட்டது. மணி ஒன்றரை. மூன்று மணிக்கு நான் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையில் இருக்க வேண்டும். நாலு வழிச் சாலை போடுகிறேன் என்று ரோட்டைத் தோண்டி வைத்திருக்கிறார்கள். ஒதுங்கி நிற்க ஒரு மரம் மிச்சமில்லை. தலையில் துப்பட்டா போட நான் என்ன சுடிதாரா போட்டிருக்கிறேன்? புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், எதிர்ப்பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் வாசலில், நான் போக வேண்டிய அதே கம்பெனியின் பஸ்! மதிய ஷிப்டுக்குப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏறுங்க மேடம், நம்ம பஸ்ஸுதானே" என்றார்.

ஏறினேன். பஸ் நிரம்பி வழிந்தது. மூன்று பேர் உட்காரும் இடத்தில் நாலு பேர். நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர். ஆனால் கடைசி வரிசையில், இடது பக்க ஜன்னலோரம், ஒரு சீட் மட்டும் காலி!

நமக்காகவே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எவளுக்குத்தான் தோன்றாது? போய் உட்கார்ந்தேன்.

பஸ்ஸில் பேச்சு சட்டென்று நின்றுபோனது. நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இங்கே கொஞ்சம் பின்கதை சொல்லியாக வேண்டும். பத்தி எழுதினால் அடுப்பு எரியாது என்பது என் வாசகர்களுக்குத் தெரியும். பிழைப்புக்கு நான் கம்பெனிகளில் வகுப்பு எடுக்கிறேன். தபாலில் படித்த எம்.ஏ. சைக்காலஜி, ஒரு பெட்டி நிறைய, திரையில் போட்டுக் காட்டும் ஓ.எச்.பி. ஷீட், கொஞ்சம் வாய் — இதுதான் என் முதலீடு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, எனக்கும் கூப்பிடுகிறவர்கள் பெருகினார்கள்.

இந்தக் கம்பெனியில் இரண்டு மாதத்துக்கு முன்னால் வகுப்பு எடுத்தேன். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து தருகிற இடம். பெயரெல்லாம் கேட்காதீர்கள். வேலை செய்பவர்கள் எல்லாரும் பெண்கள், பத்தொன்பது இருபது வயது. பாதிப் பேர் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள்.

அவர்களுக்கு ஒரு பழைய சண்டையைப் பற்றிச் சொன்னேன். துக்கம் வருவதால் அழுகிறோமா, அழுவதால் துக்கம் வருகிறதா? சிரிக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு மேலாகப் பெரிய படிப்பாளிகள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். உடம்பு முதலில், மனசு அப்புறம் என்பது ஒரு கட்சி. முகத்தைச் சிரிக்க வைத்தால் மனசும் கூடவே வந்துவிடும் என்பது அந்தக் கட்சியின் ஒரு கிளை. எனக்கு அந்தக் கிளை ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் வகுப்பில் கைதட்டல் வாங்கித் தருவது அதுதான். "பல் தெரியணும்! கண்ணோரம் சுருங்கணும்!" என்று சொல்லிச் சொல்லி நூறு பெண்களை ஒரே நேரத்தில் சிரிக்க வைத்தேன். அன்றிலிருந்து அங்கே என் பெயர் 'சிரிப்பு மேடம்'.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை. ஒரு யோசனை வேறு சொன்னேன்.

நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் ஒவ்வொரு லைன் தொடக்கத்திலும் ஒரு போர்டு. அதில் ஒவ்வொரு பெண் பெயருக்குக் கீழேயும் திருப்பக்கூடிய ஒரு வட்டத் தட்டு. பச்சை முகம் சிரிக்கும். மஞ்சள் முகம் சும்மா இருக்கும். சிவப்பு முகம் அழும். ஷிப்டுக்கு வருகிறவள் அன்றைக்குத் தன் மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தைத் திருப்பி வைக்க வேண்டும். மஞ்சள் என்றால் சூப்பர்வைசர் வந்து என்னம்மா என்று கேட்பார். சிவப்பு என்றால் அன்று அவளை மெஷினில் உட்கார வைக்கக் கூடாது. டேப் சுற்றுகிற வேலை, பேக்கிங் வேலை என்று மாற்றிவிட வேண்டும். மனசு சரியில்லாதவள் கை மெஷினுக்குள் போனால் என்ன ஆகும்? அதற்காகத்தான்.

நல்ல யோசனைதானே? இப்போதுகூட எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சூப்பர்வைசர்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு எடுத்தேன். அதில் ஊக்கம் பற்றி ஒரு பாடம். எதைப் பாராட்டி ஒரு பரிசும் தருகிறீர்களோ அது திரும்பத் திரும்ப நடக்கும் என்றேன். இதுவும் புத்தகத்தில் உள்ளதுதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு பாடத்தையும் நடத்திவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

முப்பது நாள் தொடர்ந்து எல்லா முகமும் பச்சையாக இருக்கும் லைனுக்கு ஆளுக்கு ஒரு ஹாட்பேக் பரிசு. கூடவே வரவேற்பறையில் மாட்ட ஒரு குரூப் போட்டோ. இது எனக்கு அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம்தான் தெரிய வந்தது. போனில் குரல் பூரித்துப் போய்ச் சொன்னார்: "மேடம், நாலாவது லைன்ல மூணு வாரமா ஒரு மஞ்சள்கூட இல்ல! நேர்ல வந்து பாருங்க. ஹெட் ஆபீஸ்ல உங்களைப் பேச வைக்கணும்னு கேக்கிறாங்க." நானும் பூரித்துப் போனேன். மூன்று வாரம் நாற்பது பெண்களுக்கு ஒரு நாள்கூட மனசு சுணங்கவில்லை என்றால் நம்பலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எம்.ஏ. சைக்காலஜி!

அந்தப் பூரிப்போடுதான் அன்று பஸ்ஸில் போய் உட்கார்ந்தேன்.

பஸ் நகர்ந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். மங்கை. நாலாவது லைன் லீடர், ஒரகடம் பக்கத்துப் பெண், என் வகுப்பில் முதல் பெஞ்ச். பஸ்ஸில் பெரும்பாலும் அவள் லைன்தான். என்னைக் கலவரமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆரம்பிங்கடி" என்றாள்.

பஸ்ஸே பாட ஆரம்பித்தது. எல்லாரும் கையைத் தட்டி, சீட்டின் முதுகில் தாளம் போட்டு, தொண்டை கிழிய ஒரு சினிமா குத்துப்பாட்டு. என்னை வரவேற்கிறார்கள்! கண் கலங்கிவிட்டது எனக்கு. நானும் கையைத் தட்டித் தலையை ஆட்டினேன். முன்சீட்டுப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். அப்புறம் ஒரு துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் என் மடியில் வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

துண்டு எதற்கு?

அடுத்த பாட்டு. அதற்கடுத்த பாட்டு. ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை ஒரு நிமிஷம் நிறுத்தவில்லை. ஊரைத் தாண்டியதும் ஸ்விட்சை அணைத்தது மாதிரிப் பாட்டு நின்றது. மங்கை என்னிடம் வந்து குனிந்தாள்.

"மேடம், உங்களுக்கு இன்னா ஆச்சு?"

"எனக்கா? நான் வந்த பஸ்ஸுக்கு டயர் வெடிச்சிடுச்சும்மா."

"அதுக்காவா இங்க வந்து குந்தினீங்க?"

"வேற எங்க உட்காருவேன்? இது ஒண்ணுதானே காலியா இருந்துச்சு."

மங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மேடம்! இது அழுவுற சீட்டு!"

அப்படித்தான் அது எனக்குத் தெரிய வந்தது.

யாருக்காவது மனசு தாங்கவில்லை என்றால் அன்று அந்தக் கடைசி சீட் அவளுக்கு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஏறியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை அழுதுகொள்ளலாம். ஊரைத் தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து கம்பெனி கேட் வருவதற்குள் முகம் கழுவி, கண் சிவப்பு ஆறி, உள்ளே போய்ப் பச்சையைத் திருப்பிவிட வேண்டும்.

"அப்போ பாட்டு எதுக்கு?"

"ஒருத்தி அழுவுற சத்தம் கேட்டா மத்தவளுக்கும் அவ வூட்டு ஞாபகம் வந்துடும் மேடம். அப்பால எல்லாம் சேந்து அழுவும். மொத்த லைனும் சிவப்பாயிடும். அதான் சத்தம் கேக்காம பாடுறது."

ஒருவர் உணர்ச்சி இன்னொருவரைத் தொற்றிக்கொள்ளும் என்று நான் ஒரு மணி நேரம் ஷீட் போட்டுக் காட்டுவேன். இவர்கள் அதற்கு மருந்தே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

"ஹாட்பேக்குக்காகவா இவ்வளவும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மங்கைக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "ஹாட்பேக் யாருக்கு வோணும்? ஒருத்தி மஞ்சள் வெச்சா லைனே நாசம்னு சூப்பர்வைசர் எல்லாரையும் நிக்க வெச்சுப் பேசுறாரு. ஒருத்தியால நாப்பது பேரு திட்டு வாங்கணுமா? அதான் யாரும் வெக்கிறதில்ல. போன மாசம் மூணாவது லைன்ல ஒரு பொண்ணுக்கு மிஷின்ல வெரலு மாட்டி நகம் பிச்சுகினு போச்சு. அவ புருசன் வுட்டுட்டுப் போய் ரெண்டு நாளு. அன்னிக்கி போர்டுல அவ மூஞ்சி இன்னா தெரியுமா மேடம்? பச்சை."

அந்தத் தட்டுகளுக்குப் பெயின்ட் கலர் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான்.

"இன்னிக்கு இது யார் சீட்?" என்று கேட்டேன்.

மங்கை கண்ணைக் காட்டினாள். நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். ஒல்லி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

"பேச்சி. பேச்சியம்மா. தூத்துக்குடிக்குக் கீழ ஏதோ ஊரு. அவ அப்பாவுக்கு இன்னிக்குப் பதினாறாம் நாளு."

"பதினாறா? அப்போ ஊருக்குப் போகலையா?"

"டிரெய்னிங்ல கீறவங்களுக்கு மூணு நாளுதான் லீவு மேடம். எடுத்துப் போட்டதுக்குப் போய்ட்டு வந்ததோட சரி. வந்ததுலேருந்து தெனம் இதான் அவ சீட்டு. இன்னிக்கி நீங்க ஏறி இங்க வந்ததும் எழுப்பலாம்னு பாத்தேன், அவதான் என் கையப் புடிச்சிகினா. சிரிப்பு மேடமே இங்க வந்து குந்துறாங்கன்னா எம்மாம் பெரிய கஷ்டமோ, அவங்க அழுவட்டும்னு சொல்லிட்டா."

நான் எழுந்துவிட்டேன். வழியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு அவளிடம் போய், "வாம்மா, நீ வந்து உட்காரு, எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் சிரித்தாள். "இருக்கட்டும் மேடம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டிட்டுல்லா. இனி அழுதா கண்ணு சிவந்துரும்."

பல் தெரிந்தது. கண்ணோரம் சுருங்கியது. நான் சொல்லிக்கொடுத்தபடி.

குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் ஒரு கட்டம் வரும். பிடிக்காத பரிசைக் கொடுத்தால் சின்னக் குழந்தை தூக்கி எறிந்துவிட்டு அழும். இன்னும் கொஞ்சம் வளர்ந்த குழந்தை, கொடுத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு "தேங்க்யூ ஆன்ட்டி" என்று சிரிக்கும். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளத் தெரிந்துவிட்டது என்பதால் அதற்குப் பெயர் வளர்ச்சி. பரீட்சையில் அப்படி எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குப் பேச்சியின் முகத்தைப் பார்த்தபோது அந்த மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல் இருந்தது.

கேட் நெருங்கும்போது மங்கை என்னிடம் சத்தியம் வாங்கினாள். "சீட்டு மேட்டரு மேனேஜர் சாருக்குத் தெரியக் கூடாது மேடம். தெரிஞ்சா பஸ்ஸுலயும் ஒரு போர்டு மாட்டிடுவாரு."

சத்தியம் செய்தேன். அப்படியானால் இதை எப்படி எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து மங்கை பேசியபோது கேட்டேன். "பேரெல்லாம் மாத்தி எழுதுங்க. சாருக்கு இதெல்லாம் படிக்க இன்னா டைம் கீது?" என்றாள். பெயர்களை மாற்றிவிட்டேன். ஹாஸ்டல் இருக்கும் இடத்தையும் மாற்றிவிட்டேன். அந்த ரோட்டில் ஓடும் கம்பெனி பஸ்களை எண்ணவே ஒரு நாள் ஆகும், தேடுகிறவர்கள் தேடட்டும்.

கேட்டில் விசிட்டர்களுக்கும் ஒரு போர்டு வைத்திருந்தார்கள். வரும்போது ஒரு முகம், போகும்போது ஒரு முகம். மேனேஜரின் சொந்தக் கண்டுபிடிப்பு. அவசரத்தில் எதையோ திருப்பிவிட்டு உள்ளே ஓடினேன்.

லைன் ஆரம்பித்துவிட்டது. நாலாவது லைன் போர்டில் வரிசையாகப் பச்சை முகங்கள். மேலே சாக்பீஸில் '27' என்று எழுதியிருந்தது. இருபத்தேழாவது நாள். மேனேஜர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். நான் போர்டைப் பார்க்கவில்லை. பேச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வேலை, ஒயர் முனையில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டை வைத்து மெஷினில் அழுத்துவது. ஒயரை நீட்டு, கையை எடு, காலால் பெடலை மிதி. நீட்டு, எடு, மிதி. ஒரு நிமிஷத்துக்கு இத்தனை என்று கணக்கு. அவள் கண் மெஷினில் இருந்தது. பார்வை அங்கே இல்லை. அந்த நேரத்தில் ஊரில் அவள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும்? இலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மகள் எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

ஒரு தடவை ஒயரை நீட்டியவள் கையை எடுக்கவில்லை. கால் பெடலுக்கு மேலே இருந்தது. அவளே தலையை உலுக்கிக்கொண்டு கையை எடுத்து, பிறகு மிதித்தாள்.

போதும். ஓடிப்போய் போர்டில் அவள் முகத்தைச் சிவப்பாகத் திருப்பிவிடலாம் என்று கை பரபரத்தது. திருப்பினால்? இருபத்தேழு அழிந்து சைபர் ஆகும். நாற்பது பேருக்குத் திட்டு. அதற்கு அவள்தான் காரணம் என்று ஆகும். அப்பாவுக்குப் பதினாறு அன்று அதையும் அவள் சுமக்க வேண்டுமா?

"சார், பாலோ-அப் இன்டர்வியூ ஒண்ணு எடுக்கணும். தனியா. ஒரே ஒரு ஆள் போதும்" என்றேன். பொய். அப்படி ஒரு இன்டர்வியூ எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

"தாராளமா மேடம். யார் வேணும்?"

சும்மா கண்ணில் பட்டவளைக் காட்டுவது போலப் பேச்சியைக் காட்டினேன். மெஷினுக்கு மாற்று ஆள் வந்தாள். அரை மணி நேரம் கிடைத்தது.

டிரெய்னிங் ரூம் கதவைச் சாத்தினேன். சுவரில் நான் எழுதிக்கொடுத்த போஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தது. 'முதலில் புன்னகை, பிறகு மகிழ்ச்சி.' கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. அதற்கு முதுகு காட்டி ஒரு நாற்காலியைப் போட்டேன்.

"இதுதான் உன் சீட்டு பேச்சி. யாரும் வர மாட்டாங்க. அழுதுக்கோம்மா."

உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.

"பரவால்ல, சிரிக்க வேண்டாம்மா."

இன்னும் பெரிதாகச் சிரித்தாள். உதடு நடுங்கியது. கண் வறண்டு கிடந்தது. சிரிப்பு மட்டும் முகத்தை விட்டு இறங்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏதாவது ஆகிவிட்டதா இந்தப் பெண்ணுக்கு? நர்ஸைக் கூப்பிடலாமா?

"வர மாட்டக்கு மேடம்" என்றாள் மெதுவாக. "பாட்டு இல்லாம அழுக வர மாட்டக்கு."

மணி அடித்துச் சோறு போட்டுப் பழக்கினால் பிறகு மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று முதல் வருஷப் பாடத்திலேயே உண்டு. நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டி வகுப்பில் அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பேன். இங்கே ஒரு பெண்ணுக்குக் குத்துப்பாட்டு கேட்டால்தான் அப்பாவுக்காகக் கண்ணீர் வரும் என்று ஆகியிருக்கிறது.

என்ன செய்வது? பாடினேன்.

என் குரல் எப்படிப்பட்டது என்று என் வீட்டாருக்குத் தெரியும். நான் பாடினால் எங்கள் தெருவில் ஜன்னல் சாத்துவார்கள். அந்த நேரத்துக்கு நினைவுக்கு வந்தது ஒரு காதல் டூயட்தான். ஆண் குரலும் நானே, பெண் குரலும் நானே. மேஜையைத் தட்டித் தாளம் போட்டேன். முதல் சரணம் பாதியில் பேச்சியின் தலை மேஜை மேல் சாய்ந்தது. தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு சத்தம் வந்தது. "எப்பா... எப்பா..." என்று.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்று பயம். வரி மறந்துபோன இடத்தில் லாலா போட்டேன். பாடிக்கொண்டே நானும் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

நடுவில் கதவுக் கண்ணாடியில் மேனேஜர் முகம் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் பேச்சியின் முதுகுதான் தெரியும். நான் கையைத் தட்டிப் பாடுவதைப் பார்த்தார். கட்டை விரலை உயர்த்தி 'சூப்பர்' என்று காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கால் மணி நேரத்துக்குப் பிறகு பேச்சி நிமிர்ந்தாள். மூக்கைச் சிந்தினாள். முகம் வீங்கி, கோணி, அசிங்கமாக இருந்தது. அன்று முழுவதும் நான் பார்த்த ஒரே நிஜ முகம் அதுதான்.

"எங்கப்பாக்கு இந்த கம்பெனின்னா ரொம்பப் பெரும மேடம்" என்றாள். "இந்த போர்டு வச்சப்போ பூத்துலருந்து போன் போட்டுச் சொன்னேன். தெனமும் எம் மவகிட்ட மனசு எப்படி இருக்குன்னு கேக்காங்க, எங்க நடக்கும் இப்படின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சாவ. அதுக்கப்புறம் எப்பப் பேசுனாலும் இன்னைக்கு என்ன கலருன்னுதான் கேப்பாவ. நான் பச்சன்னுதான் சொல்லுவேன். ஹாஸ்பத்திரில கிடந்தப்பயும் கேட்டாவ. பச்சப்பான்னு சொன்னேன்."

தண்ணீரைக் குடித்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "மேடம், கண்ணு தெரியுதா?" என்றாள். சிவந்திருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை என்றேன். கை நடுங்குகிறதா என்று நீட்டச் சொல்லிப் பார்த்தேன். நடுங்கவில்லை. லைனுக்குப் போனாள். கண்ணாடி வழியே பார்த்தேன்: நீட்டு, எடு, பார், மிதி. அவள் பார்வை மெஷினில் இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த போர்டை எடுத்துடுங்க."

"ஏன் மேடம்?"

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல முடியாது. சத்தியம். அதனால் ஒரு டிரெய்னர் தன் வாழ்நாளில் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொன்னேன். "நான் சொன்ன தியரி தப்பு சார்."

அவர் அதிர்ந்துபோனார். அப்புறம் சிரித்துவிட்டார். "என்ன மேடம், தன்னடக்கமா? தியரி தப்புன்னா எப்படி எல்லாரும் பச்சையா இருக்காங்க?"

"பரிசையாவது நிறுத்துங்க. சிவப்பு வைக்கிறவளை யாரும் திட்டக் கூடாது."

"இன்னும் மூணு நாள்தான் மேடம். ஹெட் ஆபீஸ்லருந்து வர்றாங்க. அதுக்கப்புறம் யோசிக்கலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பாட்டு டெக்னிக் நல்லா இருந்துச்சு. அதையும் புரோகிராம்ல சேத்துடலாமா?" என்றார்.

மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி நேற்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு வைப்பது உரிமை என்றும், பரிசு தந்தால் வகுப்பு எடுக்க மாட்டேன் என்றும். பதில் வரட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

வழியனுப்ப மேனேஜரும் கேட் வரை வந்தார். செக்யூரிட்டி எழுந்து நின்று அந்த விசிட்டர் போர்டைக் காட்டினார். "மேடம், போவும்போது ஒரு மூஞ்சி வெச்சுட்டுப் போங்க."

கை சிவப்புக்குத்தான் போனது. தட்டைத் தொட்டும்விட்டேன். அப்போது நினைத்துப் பார்த்தேன். சிவப்பை வைத்தால் பக்கத்தில் நிற்கும் இவர் ஏன் என்று கேட்பார். மேடம் கடைசியாக யாருடன் இருந்தார்கள் என்று யோசிப்பார். பேச்சியைக் கூப்பிட்டு நிற்க வைத்து, மேடத்திடம் என்ன சொன்னாய் என்று கேட்பார்.

ஒரு முகத்தைத் திருப்புவதற்குள் இன்னொருத்தியை நினைக்க வேண்டியிருக்கிறது. அந்த நாற்பது பெண்களும் தினமும் மத்தியானம் இரண்டரைக்கு எதை நினைத்துத் திருப்புகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பச்சையைத் திருப்பி வைத்தேன்.

பல் தெரிய, கண்ணோரம் சுருங்க, சிரித்தபடிதான்.